புது ரேக் பயணிகளோட ஓட ஆரம்பிச்சதும் ஏன் இவ்வளவு மக்கர்?

#1 தண்டவாளன்

ஒரு புது வகை மின்ரயில் வரிசைன்னு வச்சுக்குவோம். 8 பெட்டி சேர்ந்த ஒரு முழு வண்டிதான் ஒரு ரேக், அப்படி 40 ரேக். ஆலையில சோதனை முடிஞ்சது, பாதுகாப்புச் சான்றிதழும் வந்தாச்சு, காலி வண்டியா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியும் பார்த்தாச்சு. ஆனா பயணிகள் ஏறின முதல் வாரத்திலிருந்தே கதவு மூடல, ஏசி நின்னுபோச்சு, ஓட்டுநர் திரை இருட்டாச்சு. பக்கத்துத் தடத்துல 30 வருஷப் பழைய வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கு.

தயாரிப்பு மோசமா, சோதனை போதலையா, இல்ல இதுதான் இயல்பா? விவரம் தெரிஞ்சவங்க பாகம் பாகமா சொல்லுங்க. "அவசரப்பட்டுட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க.

#2 கதவுப்பெட்டி

கதவுல ஆரம்பிப்போம். புது ரேக் எது வந்தாலும் முதல் வருஷப் பழுதுப் பட்டியல்ல கதவுதான் முன்னாடி நிக்கும். கதவு மட்டமான பொருள்ங்கிறதால இல்ல, எண்ணிக்கை அப்படி.

உங்க 8 பெட்டி ரேக்கையே எடுத்துக்குங்க. பெட்டிக்கு ஒரு பக்கம் 3 கதவு, ஆக ஒரு பக்கம் 24. ஒரு நாளைக்கு 200 நிறுத்தம்னா 4,800 தடவை கதவு திறந்து மூடுது. 40 ரேக்குக்கு 1,92,000. லட்சத்துக்கு ஒரு தடவைதான் பழுதாகுதுன்னாலும் தினமும் ரெண்டு ரயில் கதவால நிக்கும். ஆலையில ஒரு கதவை மேடையில மாட்டி பத்து லட்சம் தடவை திறந்து மூடிப் பார்த்திருப்பாங்க, பாஸ் ஆகியிருக்கும். அந்தச் சோதனையில பெட்டி வளையாது, யாரும் கதவுல சாய மாட்டாங்க.

வரிசையில இறங்கினதும் என்ன ஆகுதுன்னா:

கதவைக் காலிப் பெட்டியில சரிபண்ணி வைக்கிறாங்க. உச்ச நேரக் கூட்டம் ஏறினதும் பெட்டியோட உடல் நடுவுல லேசா தொய்யும், கதவுச் சட்டம் சில மில்லிமீட்டர் கோணும். பலகை கீழ் வழிகாட்டியில உரசும், மோட்டார் மின்னோட்டம் ஏறும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைத் "தடை இருக்கு"ன்னு எடுத்துக்கிட்டுத் திரும்பத் திறக்கும். மூணு முறை முயற்சி பண்ணிட்டு அப்படியே நின்னுடும். ராத்திரி டிப்போல காலிப் பெட்டியில பார்த்தா ஒண்ணுமே இருக்காது. "பழுது காணப்படவில்லை"ன்னு எழுதி அனுப்பிடுவாங்க, மறுநாள் காலையில அதே கதவு.

அடுத்தது ரப்பர் ஓர முத்திரை. புதுசுல விறைப்பா இருக்கும், சில வாரத்துல அழுந்திப் படியும். விறைப்பா இருக்கையில வச்ச "மூடிப் பூட்டியாச்சு" சுவிட்சோட இடைவெளி, ரப்பர் படிஞ்சதும் மாறிடும். இந்தச் சுவிட்சுகள் எல்லாம் ஒரே வரிசைச் சுற்றுல இருக்கு. 24-ல ஒண்ணு ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் துடிச்சாலும் இழுவை விசை வெட்டிப்போகும். எந்தக் கதவுன்னு பதிவுல இருக்காது, "கதவுச் சுற்று துண்டிப்பு"ன்னு மட்டும் இருக்கும். அதனால ஒவ்வொரு சுவிட்சையும் தனித்தனியா மில்லிநொடி நேரத்தோட பதியணும்னு ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கிடணும். பின்னாடி கேட்டா அது தனி மென்பொருள் வேலையாயிடும்.

சரிசெய்யும் வழி: முழுக் கூட்டத்தின் எடைக்கு மணல் மூட்டை ஏத்தி கதவை அளந்து, காலி நிலைக்கும் பாரநிலைக்கும் நடுவுல ஒரு அமைப்பு எடுக்கணும். ரப்பர் படிஞ்சப்புறம் எல்லாக் கதவுக்கும் இன்னொரு சுற்று சரிபார்ப்பு. இந்த ரெண்டாவது சுற்றை அட்டவணையில யாரும் போட்டு வைக்கிறதில்ல.

கனடாவின் ஒட்டாவா நகர ரயில் 2019 செப்டம்பர்ல திறந்தது. பயணிகள் மூடுற கதவைப் பிடிச்சு நிறுத்தினாலே கதவு பழுதாகி, பின்னாடி வந்த வண்டியெல்லாம் வரிசையா நின்னுச்சு. கதவைப் பிடிக்காதீங்கன்னு அறிவிப்பு போட்டுத் தீராது. கூட்டம் கதவைப் பிடிக்கத்தான் செய்யும், அதைத் தாங்குற மாதிரிதான் வடிவமைக்கணும்.

#3 பழையபெட்டி

எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர் வச்சதுதான் வினை. ரிலேயும் காற்றுச் சிலிண்டரும் இருந்தப்ப கதவு மூடாட்டி கார்டு ஒரு உதை விட்டா மூடிக்கும்.

#4 சிக்னல்கம்பம்

பழையபெட்டி சார், பழைய வண்டி அமைதியாக ஓடுவதற்கு ரிலே மட்டும் காரணமில்லை. அதன் நோய்கள் எல்லாம் பணிமனைக்கு அத்துப்படி, எந்தத் தட்டில் எந்த ரிலே ஒட்டிக்கொள்ளும் என்பதுவரை. புது வண்டிக்கு அந்த அனுபவம் பூஜ்யத்தில் தொடங்குகிறது.

இழைக்கு வருகிறேன். நான் பார்த்தவரை, பாகம் தானாகக் கெட்டுப்போவதை விட, அது இன்னொன்றோடு சேரும் இடத்தில்தான் சிக்கல் அதிகம். ரயிலும் சிக்னலும் சேரும் இடம் அதில் மோசமானது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு ஆட்களின் பொறுப்பு.

தடச்சுற்று, அதாவது டிராக் சர்க்யூட், இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே மின்னோட்டம் அனுப்பி, அச்சு அதைக் குறுக்கிடுவதை வைத்து ரயில் இருப்பதை அறிகிறது. புது ரேக் இதை இரண்டு விதமாகக் கெடுக்கும்.

முதலாவது, ரயிலின் மின் இரைச்சல் தடச்சுற்றில் கலப்பது. மோட்டாருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டர்கள் உண்டாக்கும் ஒத்திசை மின்னோட்டம், அதாவது தேவையற்ற அதிர்வெண் இரைச்சல், தண்டவாளம் வழியாகத்தான் துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. கேட்பொலித் தடச்சுற்றுகளில் ஒரு வகை 1,700, 2,000, 2,300, 2,600 ஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. ரயிலின் இரைச்சல் அந்தப் பட்டையில் விழுந்தால் காலித் தடம் "நிரம்பியது" என்று காட்டி சிக்னல் சிவப்பாகும். அதுகூடப் பரவாயில்லை. ரயில் நிற்கும் தடத்தைக் "காலி" என்று காட்டினால்தான் ஆபத்து.

எல்லா இன்வெர்ட்டரும் ஓடும்போது அளந்து "வரம்புக்குள்" என்று எழுதிவிடுவது வழக்கமான ஓட்டை. நான்கு இன்வெர்ட்டர்களின் சுவிட்சிங் நேரத்தை ஒன்றுக்கொன்று தள்ளிவைத்து ஒத்திசைகளைக் கழித்துக்கொள்ளும் வடிவமைப்பில், ஒன்றை வெட்டிவிட்டால் அந்தக் கழிவு போய்விடும். எனவே ஒன்று வெட்டிய நிலை, வடிகட்டி மின்தேக்கி தேய்ந்த நிலை, பிரேக்கில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் நிலை, சக்கரம் வழுக்கும் நிலை, இரண்டு ரேக் சேர்ந்த நிலை எல்லாவற்றிலும் அளக்க வேண்டும். இழுவை மென்பொருளின் பதிப்பு மாறினால் சுவிட்சிங் வடிவமும் மாறியிருக்கலாம். பழைய அளவீட்டு அறிக்கை அப்புறம் செல்லாது.

இரண்டாவது, அச்சு தடச்சுற்றின் மின்னோட்டத்தைக் குறுக்கிடாமலே போவது. பழைய வண்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தின் ஓட்டுப்பரப்பையே தேய்க்கும், அதனால் அது பளபளவென்று இருக்கும். வட்டு பிரேக் வைத்த புது வண்டியில் அந்தத் தேய்ப்பு இல்லை. துருவும் இலைக்கூழும் படலமாகப் படிந்து மின்தடையாகிவிடும். பிரிட்டனில் 158 வகை டீசல் ரயில்கள் 1990-களின் தொடக்கத்தில் வந்தபோது இதுதான் நடந்தது. தடச்சுற்று அவற்றைச் சரியாகக் காணவில்லை. படலத்தை உடைக்க உயர் அதிர்வெண் மின்னோட்டம் செலுத்தும் கருவியை ரயிலில் பொருத்தினார்கள். சில வண்டிகளில் சக்கரத்தைத் துடைக்கவே சிறு கட்டை ஒன்றைச் சேர்ப்பதும் உண்டு. 0.5 ஓம் கம்பியைத் தண்டவாளத்தில் வைத்துச் செய்யும் சோதனை தடத்தைத்தான் சோதிக்கிறது. சக்கரத்தின் அழுக்கை அது அறியாது.

#5 பான்டோமேலே

மின்சாரப் பக்கத்தை நான் எடுத்துக்கறேன்.

25 கிலோவோல்ட் தடத்துல நிரந்தர வரம்பு 19 முதல் 27.5 கிலோவோல்ட். கொஞ்ச நேரத்துக்கு 17.5 வரை இறங்கலாம், 29 வரை ஏறலாம். ரயில் இதையெல்லாம் தாங்கும்னு காகிதத்துல இருக்கும். ஆனா 40 ரேக் ஒண்ணுபோல நடந்துக்கும்போது வர்ற விளைவு ஒரு ரேக்கை வச்சுச் சோதிச்சா தெரியாது.

2019 ஆகஸ்ட் 9 நல்ல உதாரணம். பிரிட்டன் மின்வலையில அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்குச்சு. 700, 717 வகைப் புது ரயில்கள் சுமார் அறுபது, அதிர்வெண் 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனதும் தற்காப்புக்காகத் தாமாகவே அணைஞ்சுடுச்சு. மின்சாரம் உடனே சீரானது, ஆனாலும் ஏறத்தாழ பாதி ரயிலை ஓட்டுநரால மறுபடி இயக்க முடியல. மென்பொருள் நிரந்தரமாப் பூட்டிக்கிச்சு, தொழில்நுட்பர் மடிக்கணினியோட போய்த்தான் திறக்கணும். தடம் முழுக்க ரயில் நிக்கையில அவர் எப்படிப் போவார்? ஓட்டுநரால திறக்க முடியாத பூட்டு எதெதுன்னு ஒரு பட்டியல் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் "ஏன்?"னு கேட்கணும். தீப்பிடிக்கும், மின்மாற்றி வெடிக்கும்கிற ரகத்தைத் தவிர வேற எதுக்கும் அந்தப் பூட்டு வேண்டியதில்ல.

அடுத்தது அலைவு. சுவிட்சர்லாந்துல 1995-ல, மின்சாரத்தை மின்னணு முறையில மாத்தித் தர்ற கன்வெர்ட்டர் வச்ச நவீன லோகோக்கள் ஒரே பகுதியில சேர்ந்தப்ப மின்வலையோட ஒத்ததிர்வு ஏற்பட்டு பாதுகாப்புச் சுற்றுகள் அவற்றை அணைச்சுடுச்சு. ஒவ்வொரு லோகோவும் தனித்தனியா நல்லதுதான். இதோட வேறொரு வடிவம் டிப்போல வரும். காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு ரேக், மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிற கூரைக் கையான பான்டோவைத் தூக்கிக்கிட்டு விளக்கும் ஏசியும் மட்டும் ஓடுற நிலையில நிக்கும். தடம் துணைமின் நிலையத்திலிருந்து தூரமா இருந்தா மின்னழுத்தம் சில ஹெர்ட்ஸ் வேகத்துல ஊசலாட ஆரம்பிச்சு எல்லாம் ஒண்ணா வெட்டிக்கும். கன்வெர்ட்டரோட கட்டுப்பாட்டு வேகத்தைக் குறைச்சு மென்பொருள்ல திருத்தலாம். அதுவரைக்கும் ரேக்குகளை அடுத்தடுத்து இடைவெளி விட்டு எழுப்புறதுதான் வழி.

நியூட்ரல் செக்‌ஷனையும் விட முடியாது. மின்சாரமில்லாத அந்தத் துண்டைக் கடந்ததும் ஏசி கம்ப்ரஸர் எல்லாம் ஒரே நொடியில கிளம்பினா துணைக் கன்வெர்ட்டர் மிகைமின்னோட்டத்துல விழும். மூணு தடவை விழுந்தா பூட்டிக்கும்னு ஒரு கணக்கி இருந்து, தடத்துல ஏழு நியூட்ரல் செக்‌ஷன் இருந்தா, மூணாவதுக்கு அப்புறம் அந்தப் பெட்டிக்கு ஏசி கிடையாது. பெட்டிக்குப் பெட்டி சில நொடி தள்ளிக் கிளப்பினாப் போதும், அதோட கணக்கி ஒரு மணி நேரத்துல தானா பூஜ்யமாகணும்.

#6 தண்டவாளன்

இதெல்லாம் மென்பொருள்ல திருத்தலாம்னா வாராவாரம் புதுப் பதிப்பு போட்டுக்கிட்டே போகலாமே, அதுல என்ன தயக்கம்?

#7 பதிப்புஎண்

அதுதான் அடுத்த வியாதி, தண்டவாளன்.

ஒரு ரேக்கில் இழுவை, பிரேக், கதவு, ஏசி, மின்கலச் சார்ஜர், பயணிகள் தகவல், சிக்னல் கருவி என்று இருபதுக்கு மேல் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றும் வேறு நிறுவனத்துடையது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிப்பு எண். கதவின் 3-ம் பதிப்பு, மத்தியக் கணினியின் 7-ம் பதிப்போடு பேசும், 6-ஓடு பேசாது. 40 ரேக்கில் 12-க்கு மட்டும் புதுசு ஏற்றி மீதிக்கு ஏற்றாமல் விட்டால், இரண்டு ரேக்கை இணைக்கும்போது ஒன்றையொன்று அடையாளம் காணாமல் நிற்கும். எந்த ரேக் எதோடு இணையலாம் என்று நிலைய ஊழியர் சீட்டு வைத்துக்கொண்டு பார்க்கும் நிலைமை வரும்.

திருத்தங்களைச் சேர்த்து 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தொகுப்பாக வெளியிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். முதலில் இரண்டு ரேக்கில் மட்டும் ஏற்றி இரண்டு வாரம் ஓட்டுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்புவதையும் ஒருமுறை நிஜமாகவே செய்து பாருங்கள். "திரும்பலாம்" என்று ஆவணத்தில் இருப்பது வேறு, இரவு மூன்று மணி நேர இடைவெளியில் திரும்ப முடிவது வேறு. பிரேக், கதவுப் பூட்டு, சிக்னல் சம்பந்தப்பட்ட மாற்றமென்றால் பாதுகாப்பு மதிப்பீட்டாளர் மறுபடி கையெழுத்திட வேண்டும். அதனால்தான் வாராவாரம் முடியாது.

முதல் நாளே செய்ய வேண்டிய இன்னொன்று: எல்லாப் பெட்டிகளின் கடிகாரத்தையும் ஒரே மூலத்தோடு இணைப்பது. இழுவைப் பதிவு 08:14:07 என்கிறது, கதவுப் பதிவு 08:13:52 என்கிறது. எது முதலில் விழுந்தது? பதினைந்து நொடி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரண்டு நிறுவனங்கள் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கும்.

சிக்னல் பதிப்புகளும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். லண்டனின் எலிசபெத் தடத்தில் 345 வகை ரயில் மூன்று வேறு சிக்னல் முறைகளுக்குள் ஓடியபடியே மாற வேண்டும். 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய மையப் பகுதி 2022 மே 24-ல்தான் திறந்தது. ரயிலும் சிக்னலும் மென்பொருளில் ஒத்துப்போகாததும் அந்தத் தாமதத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று.

#8 போகிபட்டறை

எல்லாரும் மின்னணுவைப் பிடிச்சுக்கிட்டீங்க. இரும்பும் அலுமினியமும்கூட புது வண்டியில ஆச்சரியம் காட்டும், ஆனா தாமதமா.

2021 மே 8, பிரிட்டன்ல 800 வகை ரயில் வரிசை கிட்டத்தட்ட முழுசா நிறுத்தப்பட்டுச்சு. ரெண்டு வேற வேற விரிசல். ஒண்ணு, போகியோட (பெட்டிக்கு அடியில சக்கரங்களைத் தாங்குற சட்டம்) பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்கிற டேம்பர் மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல, திரும்பத் திரும்ப வர்ற விசையால உண்டாகிற களைப்பு விரிசல். இன்னொண்ணு, பெட்டியைத் தூக்குற இடத்துத் தகட்டுல, அரிப்போட சேர்ந்த இழுவிசை விரிசல். களைப்பு விரிசலுக்கு, ஓட்டத்துல வந்த விசை வடிவமைப்புல எதிர்பார்த்ததை விட அதிகம்கிறது காரணமா சொல்லப்பட்டுச்சு. நியமத்துல இருக்கிற சுமைக் கணக்குப்படி எல்லாம் சரி. தடம் அந்தக் கணக்கைப் படிக்கல.

அதனால முதல் ரெண்டு ரேக்குல டேம்பர் தாங்கி, மோட்டார் தொங்கும் இடம், கியர்பெட்டித் தாங்கி, பிரேக் தாங்கி இங்கெல்லாம் உலோகம் எவ்வளவு நீளுது சுருங்குதுன்னு காட்டுற திரிபுமானி ஒட்டி, நிஜத் தடத்துல அளந்து, கணக்குப் போட்ட சுமையோட ஒப்பிடணும். சக்கரம் புதுசா இருக்கையில மட்டும் அளந்தா பத்தாது. சக்கர வடிவம் தேய்ஞ்சு குழிவாகும்போது போகியோட ஆட்டம் கூடும். அந்த நிலையில மறுபடி அளக்கணும்.

போல்ட்டு விஷயம் ஒண்ணு. ஒட்டாவால 2021 ஆகஸ்ட்ல அச்சுத் தாங்கி (பேரிங்) போய் ஒரு தடம்புரளல். அதையொட்டி வண்டிகளைப் பிரிச்சுப் பார்த்து மாட்டினாங்க. செப்டம்பர்ல இன்னொரு தடம்புரளல், இந்த முறை சரியா இறுக்காத போல்ட்டால கியர்பெட்டி கழண்டு போயிருந்தது. புது வண்டியில திருத்த வேலை நிறைய நடக்கும், ஒவ்வொரு திருத்தமும் புதுப் பழுதுக்கு வாசல். முறுக்கு விசைச்சாவியால இறுக்கினதும் போல்ட்டுலயும் தாங்கியிலயும் சேர்த்து ஒரே வண்ணக்கோடு, ரெண்டாவது ஆள் கையெழுத்து, முதல் ஓட்டத்துக்கு அப்புறம் கோடு நகர்ந்திருக்கான்னு பார்வை. இதுல குறுக்குவழி கிடையாது.

அச்சுத் தாங்கி பத்தி இன்னொண்ணு: தரையிணைப்பு பிரஷ் சரியா உட்காரலன்னா திரும்பு மின்னோட்டம் தாங்கி உருளை வழியா ஓடும். வளையத்துல வரிவரியா தடம் விழும், கிரீஸ் கருத்துப்போகும். வெப்ப உணரி காட்டுற நேரத்துக்குத் தாங்கி ஏற்கெனவே கெட்டிருக்கும். ஆறு மாசத்துல ஒரு சில அச்சைக் கழட்டி வெட்டிப் பார்க்கிறது செலவுதான், ஆனா தெரிஞ்சுடும்.

#9 அளவுகோல்

சின்னதா ஒண்ணு சேர்க்கிறேன். வண்டி நுழையுமான்னே பார்க்காத கதையும் உண்டு. பிரான்சில் 2014-ல் புது வட்டார ரயில்கள் சுமார் 1,300 நடைமேடைகளுக்கு அகலம் அதிகம் என்று தெரிந்து, நடைமேடை ஓரத்தைச் செதுக்க 5 கோடி யூரோ ஆனது. பழைய நடைமேடைகளின் அளவு கணக்கில் சேராமல் போனதுதான் காரணம். ஸ்பெயினின் வடக்கில் கான்டாப்ரியா, அஸ்தூரியாஸ் பகுதிகளுக்குக் கேட்ட 31 ரயில்களின் அளவு சுரங்கப்பாதைகளுக்கு ஒத்துவரவில்லை. நல்லவேளை, கட்டுவதற்கு முன்பே தெரிந்தது. வரைபடத்தை நம்பாமல் லேசர் வருடி வைத்த வண்டியை ஒருமுறை முழுத் தடத்திலும் ஓட்டுங்கள். டிப்போவின் குழிநீளம், தூக்கும் ஜாக்கி நிற்கும் இடம், கூரை ஏணி, கழிவு உறிஞ்சும் குழாய்முனை இவற்றையும் அதே பட்டியலில் சேருங்கள்.

#10 பழையபெட்டி

சரி, ஒத்துக்கறேன். எத்தனை நாள் ஓட்டினா நிலைக்கு வரும்? அதைச் சொல்லுங்க. பழைய வண்டியை எப்போ கழட்டலாம்?

#11 பதிப்புஎண்

நாள் கணக்கு தப்பு சார், கிலோமீட்டர் கணக்கு. டுவேன் மாதிரியை வைத்துப் பார்ப்போம். பழுதுகளை ஒழுங்காகக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டே போனால், பழுதுக்கு இடைப்பட்ட சராசரித் தூரம், ஓடிய மொத்தத் தூரத்தின் ஒரு அடுக்காக வளரும். அந்த அடுக்கு வழக்கமாக 0.3 முதல் 0.5. நான் 0.4 எடுக்கிறேன்.

5 லட்சம் கி.மீ. ஓடியபோது மொத்தச் சராசரி 8,000 கி.மீ.க்கு ஒரு பழுது என்று வையுங்கள். 32,000 வேண்டும். நான்கு மடங்கு உயர, தூரம் 32 மடங்கு ஆகணும், அதாவது 1.6 கோடி கி.மீ. 40 ரேக்கும் தினம் 600 கி.மீ. ஓடினால் 22 மாதம். 10 ரேக் மட்டும் ஓடினால் ஏழு வருஷத்துக்கு மேல்.

#12 போகிபட்டறை

பதிப்புஎண், நீங்க சொல்றது தொடக்கத்திலிருந்து கூட்டின சராசரி. மேலாளருக்கு வேண்டியது இன்னிக்கு வண்டி எப்படி ஓடுதுங்கிறது. 0.4 அடுக்குன்னா இன்றைய மதிப்பு, கூட்டுச் சராசரியை 0.6-ஆல வகுத்தது. இன்னிக்கு 32,000 வேணும்னா கூட்டுச் சராசரி 19,200 போதும், 2.4 மடங்கு. தூரம் ஒன்பது மடங்கு, சுமார் 45 லட்சம் கி.மீ. 40 ரேக்குக்கு ஆறு மாசம்.

ஆனா இதெல்லாம் திருத்தம் நடந்தாத்தான். "பழுது காணப்படவில்லை"ன்னு மூடின சீட்டு பாதின்னா அடுக்கு 0.1-க்கு விழும், அப்புறம் எத்தனை கோடி கி.மீ. ஓட்டினாலும் நகராது. பழையபெட்டி அண்ணே, உங்க கேள்விக்கு: பழைய வண்டியைத் தேதி பார்த்துக் கழட்டாதீங்க, இந்த எண்ணைப் பார்த்துக் கழட்டுங்க. எண் எட்டுற வரைக்கும் புது வண்டியோட அட்டவணைக்கு நாலஞ்சு பழைய ரேக்காவது சூடா நிக்கணும், ஓட்டத் தெரிஞ்ச ஓட்டுநரும் கையில இருக்கணும்.

#13 தண்டவாளன்

நடுவழியில முழுசா செத்துட்டா அந்தப் பழைய வண்டியை வச்சே இழுத்துட்டு வந்துடலாமா?

#14 பான்டோமேலே

இழுக்கலாம், முன்னாடியே ஒத்திகை பார்த்திருந்தா. பார்க்க வேண்டியது: வண்டிகளை இணைக்கிற கப்ளரோட உயரமும் வகையும் ஒத்துப்போகுமா, இல்லன்னா இடைக்கப்ளர் எந்த வண்டியில இருக்கு, அதை எத்தனை பேர் தூக்கணும். பழைய வண்டியோட 5 பார் பிரேக் குழாய் புது ரேக்கோட மின்வழி பிரேக்கோட பேசுமா, இல்ல பிரேக்கே இல்லாம மெதுவா இழுக்கணுமா. ஸ்பிரிங்ல இறுகுற நிறுத்த பிரேக்கைக் காற்றில்லாம அச்சு அச்சா கையால விடுவிக்க எவ்வளவு நேரம் ஆகும், இருட்டில் கைப்பிடி தெரியுமா.

மின்கலம் 110 வோல்ட்டுன்னா 77-க்குக் கீழ போனதும் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அணையும், பான்டோவைத் தூக்கவும் முடியாது. மீட்பு வண்டி வர்ற வரைக்கும் எந்தச் சுமையை வெட்டணும்ங்கிற வரிசை ஓட்டுநர் அறையில ஒட்டியிருக்கணும்.

நிரந்தரக் காந்த மோட்டார் வச்ச ரேக்குன்னா இன்னொண்ணு. செத்த வண்டியை இழுத்தாலும் சக்கரம் சுத்துற வரை மோட்டார் மின்னழுத்தம் உண்டாக்கிக்கிட்டே இருக்கும். இன்வெர்ட்டர்ல கோளாறுன்னா அது அங்கேதான் பாயும். மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல இருக்கிற காண்டாக்டர் (பெரிய மின் சுவிட்ச்) எல்லா அச்சுலயும் திறந்திருக்குன்னு உறுதி பண்ணாம இழுக்கக் கூடாது. மின்கலம் செத்தப்புறம் அதை எப்படி உறுதி பண்றதுன்னு தயாரிப்பாளர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.